கதவைச் சாத்திவிட்டு வாரிய குப்பை

ஃபராஸ் ஒரு கொள்ளைக்கூட்டத்துக்குத் தலைவன். வயது இருபது. இதுவரை அடுத்தவர் பென்சிலைக்கூட எடுத்ததில்லை.

கூட்டத்தின் பெயரே 'கொள்ளைக்கூட்டம்'தான். திருட்டுப் படம், திருட்டுப் புத்தகம், காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஒரு நாள் காலையில் ஃபோனிலிருந்து காணாமல் போனால் அதில் திருடன் யார் என்பது போன்ற விஷயங்களை இணையத்தில் உட்கார்ந்து பேசும் ஒரு குழு. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். லிங்க் மட்டும் கொடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. பிரியாணியைப் பற்றி வாய் வலிக்கப் பேசலாம், இலை போடக் கூடாது என்கிற மாதிரி. இது முதல் விதி. இரண்டாவது விதி, முதல் விதியைப் படிக்கவும். சேருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் படிக்காமல் "அண்ணா லிங்க்" என்று எழுதுவார்கள். அதை அழிப்பதுதான் மாடரேட்டர் ஃபராஸின் வேலை. அழித்து அழித்து அவனுக்குப் படம் பார்க்கவே நேரம் இருப்பதில்லை, திருட்டிலும் சரி, தியேட்டரிலும் சரி.

கச்சேரி ரோட்டு வீட்டில் அவனுடைய அத்தா அப்துல் கய்யூமுக்கு இது விளங்கியதே இல்லை. அவர் தி.நகரில் புடவை ஃபால்ஸும் லேஸும் விற்கிறவர்.

"எந்நேரமும் ஃபோன்ல இன்னாடா பண்ற?"

"கொள்ளைக்கூட்டத்த மாடரேட் பண்றேன் அத்தா."

"அப்டின்னா?"

"திருட்டு நடக்காம பாத்துக்கறது."

"அதுக்கு போலீஸ்ல சேந்துடலாமே. யூனிஃபார்மாவது குடுப்பான்."

இந்தச் சமூக வலைக்கு ஒற்றை முதலாளி என்று யாரும் கிடையாது. இஷ்டப்பட்டவர்கள் ஆளுக்கொரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். சர்வரும் சர்வரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். இங்கே ஒருவர் எழுதினால் அதன் நகல் அங்கங்கே போய் உட்காரும். பிடிக்காத சர்வர் என்றால் அட்மின் அதன் முகத்தில் கதவைச் சாத்திவிடலாம். அடுக்குமாடி வீட்டு வாழ்க்கை மாதிரிதான், அசோசியேஷன் மட்டும் இல்லை.

கொள்ளைக்கூட்டம் குடியிருந்தது 'கட்டுமரம்' என்ற சர்வரில். கட்டுமரம் குடியிருந்தது கோட்டூர்புரத்தில், சித்தார்த்தன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், தூசு படாமல் ஒரு துண்டு போர்த்திக்கொண்டு. சித்தார்த்தனுக்குக் கிண்டியில் வேலை. சர்வர் நடத்துவது ஆசைக்கு. சிலர் மீன் தொட்டி வைத்துக்கொள்வதில்லையா, அப்படி.

அதே கட்டுமரத்தில் இன்னொரு குழுவும் இருந்தது. பெயர் 'காதுப்பாடம்', நடத்துகிறவள் நிஷா. சட்டம் படிக்கிறாள், கண் பார்வை கிடையாது. பாடப் புத்தகத்தை அவள் ஃபோன் வாய்விட்டுப் படிக்கும். ஆனால் அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் ஃபோன் பாதியை உளறும். அதனால் முகம் தெரியாத ஒரு பட்டாளம் பக்கம் பக்கமாக உட்கார்ந்து பிழை திருத்தி அனுப்பும். படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை இப்படி மாற்றிக்கொள்ளச் சட்டமே வழி விட்டிருக்கிறது என்ற செய்தியை நிஷா தெரிந்துகொண்டதே கொள்ளைக்கூட்டத்தில் நடந்த ஒரு சண்டையில்தான். இப்போது பட்டாளம் திருத்திக்கொண்டிருந்த புத்தகம் காப்புரிமைச் சட்டம். பரீட்சை அடுத்த வாரம். இன்னும் கடைசி அத்தியாயங்கள் வர வேண்டும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக மிதந்துகொண்டிருந்தபோது சித்தார்த்தன் மச்சினி கல்யாணத்துக்கு வேலூர் கிளம்பினான். சர்வர் சாவியை, அதாவது அட்மின் பாஸ்வேர்டை, ஃபராஸிடம் கொடுத்தான்.

"எதையும் தொடாதடா. சும்மா பாத்துக்கோ."

"என்னண்ணா, என்னைப் பத்தித் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

வண்டி பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் ஃபராஸ் தொட்டுவிட்டான்.

காரணம் 'சுண்டல்'. அதுவும் ஒரு சர்வர். சுண்டல்காரர்கள் என்றாலே ஃபராஸுக்குக் கொஞ்ச நாளாக ஒவ்வாமை. அங்கிருந்து வருகிறவர்கள் கும்பிடுபோட்டுவிட்டு லிங்க் கேட்பார்கள். சுண்டலின் அட்மின் பொன்ராஜே மூன்று முறை, "கல்யாண வீடியோவுக்குப் பாட்டு லிங்க் வேணும் சார்" என்று ஆரம்பித்து எழுதியிருந்தார். மூன்று முறையும் ஃபராஸ் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, அழித்துவிட்டு, "விதி ஒன்றைப் படிக்கவும்" என்று ஒட்டினான். பொன்ராஜ் பதிலுக்கு அவனை "ஸ்கூல் லீடர்" என்று எழுதினார். அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழாம் வகுப்பில் அவன் உண்மையிலேயே ஸ்கூல் லீடர்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படம் ரிலீஸ். மத்தியானமே சுண்டலைச் சேர்ந்த 'மொதோஷோ' என்கிற ஆசாமி, தியேட்டரில் ஃபோனை வைத்துப் பிடித்த படத்தின் லிங்க்கைக் கொள்ளைக்கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினான். இடைவேளைக்கு அப்புறம் படம் முழுக்கச் சாய்ந்திருந்ததாகவும், கிளைமாக்ஸில் ஒரு குழந்தை கக்கூஸ் போக வேண்டும் என்று அழுததாகவும் பார்த்தவர்கள் விமர்சனம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

ஃபராஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. கையில் சாவி வேறு இருந்தது. முதல் காரியமாகச் சுண்டலுக்குக் கதவைச் சாத்தினான். இனி ஒரு எழுத்து உள்ளே வராது. பிறகு நிதானமாக அந்த லிங்க்கை அழித்தான். ஒரு கிளாஸ் ரோஸ்மில்க் குடித்தான். நிர்வாகம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை 'மகாசமுத்திர'த்திலிருந்து, கட்டுமரத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஒரு கடிதம் வந்தது.

மகாசமுத்திரம்தான் இருக்கிற சர்வர்களிலேயே பெரியது. அதன் அட்மின் சுலோச்சனா. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் ரிடையரான தலைமை ஆசிரியை போலிருக்கும். "வணக்கம். திருட்டுப் பட லிங்க் ஒன்று உங்கள் குழுவின் பெயரோடு சுண்டலில் இன்னும் காட்சியளிக்கிறது. எங்களுக்குப் புகார் வந்திருக்கிறது. அது உங்கள் குழுவின் போஸ்ட். நீக்கம் உங்களிடமிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். தம் வீட்டுக் குப்பையைத் தாமே வாருகிறவர்களா நீங்கள் என்பதே எங்கள் கேள்வி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நடக்காவிட்டால் கட்டுமரத்துக்குக் கதவைச் சாத்த நேரிடும். நன்றி."

ஃபராஸ் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தன் பக்கத்தைப் பார்த்தான். லிங்க் இல்லை. சுண்டலைப் போய்ப் பார்த்தான். ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, தலையில் 'கொள்ளைக்கூட்டம், கட்டுமரம்' என்று பட்டம் கட்டிக்கொண்டு.

நிஷாவின் ஃபோன் வந்தது.

"டேய் ஃபராஸ். என் பட்டாளம் மொத்தமும் மகாசமுத்திரத்துல இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவங்க கதவைச் சாத்தினா எனக்கு மிச்ச புக்கு வராது, அதுவும் தெரியுமில்ல?"

"மெயில்ல அனுப்பச் சொல்லேன்."

"யாருக்குன்னு எழுதுவேன்? 'மதிப்பிற்குரிய தயிர்வடை அவர்களே'ன்னா? அவங்க பேரே எனக்குத் தெரியாதுடா. ஒருத்தர் தயிர்வடை, ஒருத்தர் பூனைமாமா. ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கயே சண்டை போட்டு அங்கயே திருத்துறாங்க. பரீட்சையில காப்புரிமை பத்திக் கேட்டா, அதைக் காப்பாத்தப் போன ஒருத்தனாலதான் படிக்க முடியலன்னு எழுதட்டுமா?"

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் வேலூரிலிருந்து திரும்பிய சித்தார்த்தன், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றான். ஃபராஸ் நடந்ததைச் சொன்னான். நிஷா வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சித்தார்த்தன் கொண்டுவந்த கல்யாண முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல என்ன பண்ண? கதவைச் சாத்தினியா, லிங்க்க அழிச்சியா?"

"கதவுதாண்ணா."

சித்தார்த்தன் தலையில் கைவைத்துக்கொண்டான். "நீ அழிச்சேங்கறதே ஒரு செய்திடா. அது திறந்த கதவு வழியாத்தான் போகும். பக்கத்து வீட்டுக்குக் குக்கர் குடுத்திருக்க. அப்புறம் சண்டை போட்டுப் பேச்ச நிறுத்திட்ட. அதுக்கப்புறம் உன் வீட்டு ஹால்ல நின்னுக்கிட்டு 'குக்கரத் திருப்பிக் குடு'ன்னு கத்தினா அவனுக்கு எப்படிக் கேக்கும்? அழிச்சுட்டுச் சாத்தணும். சாத்திட்டு அழிக்கக் கூடாது."

"சரி, இப்பத் திறந்துடறேன்." ஃபராஸ் திறந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"அவன் பக்கமும் சாத்தியிருக்கான் பாரு. நீ மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்தினா அவன் மட்டும் தோரணம் கட்டுவானா?"

பொன்ராஜை வலையில் பிடிக்க வழியில்லை, கதவுதான் சாத்தியிருக்கிறதே. ஆனால் ஆள் எங்கேயோ அண்டார்டிகாவில் இல்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்தார். உலகமெல்லாம் விரிந்துகிடக்கிற வலையில் ஃபராஸ் போட்ட சண்டை, கடைசியில் அத்தாவின் லேஸ் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வந்து நின்றது.

"நானும் வரேன்" என்றாள் நிஷா. "நீ தனியாப் போனா அங்கயும் யாரையாவது ப்ளாக் பண்ணிட்டு வருவ."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் கண் இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். நிஷாவின் கோலுக்கு மட்டும் கூட்டம் கொஞ்சம் ஒதுங்கியது. ஃபராஸ் அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு போனான். யார் யாருக்கு வழிகாட்டுகிறார்கள் என்பதை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

பொன்ராஜின் கடையில் இரண்டு மானிட்டர்களிலும் ஒரு மணமகள் பாதி சிரித்தபடி உறைந்திருந்தாள். பொன்ராஜ் நாற்பது வயது ஆள், கழுத்தில் ஹெட்ஃபோன். முகூர்த்த நாள் வந்துபோன அசதி கண்ணில் தெரிந்தது.

"இன்னா நைனா, நீதான் அந்தக் கொள்ளைக்கூட்டத் தலைவனா? மீசையே இன்னும் ஒழுங்கா வர்ல."

"வணக்கம்ணே. உங்க சர்வர்ல ஒரு லிங்க்..."

"லிங்க் கீதுதான். நேத்து மூணு கல்யாணம் எனக்கு. இன்னிக்குக் காத்தாலதான் பாத்தேன். எவன்டா கதவ சாத்தினவன்னு பாத்தா நீ. நானும் சாத்தினேன். கணக்கு சரியாப் பூடுச்சா? கெளம்பு."

"உங்க ஆளு திருட்டுப் படம் போட்டான்ணே."

"போட்டவன ஒதை. வாணாங்கல. அவனுக்காக என் கூட்டத்தையே வெளிய தள்ளுவியா? அங்க கீறவன் பூரா வீடியோ எடிட்டருங்க. நான் உன்கிட்ட மூணு வாட்டி ஒரு கேள்வி கேட்டேன். மூணு வாட்டியும் அழிச்சியே, அத படிச்சியா நீ?"

"பாட்டு லிங்க் கேட்டீங்க."

"முழுசாப் படிச்சியா?"

ஃபராஸ் மானிட்டரில் இருந்த மணமகளைப் பார்த்தான்.

"நீ அழிச்சாலும் எழுதினவனோட சொந்தப் பக்கத்துல அது இன்னும் கீது." பொன்ராஜ் மானிட்டரைத் திருப்பினார். "படி. சத்தமாப் படி, அந்தப் பொண்ணுக்கும் கேக்கட்டும்."

ஃபராஸ் படித்தான். "கல்யாண வீடியோவுக்குப் பாட்டு லிங்க் வேணும் சார். திருட்டுப் பாட்டு வேணாம். அத போட்டா வீடியோவுல சத்தத்த அணைச்சுடறாங்க. தாலி கட்டுற எடத்துல ஊமைப்படம் மாதிரி ஓடுது, வீட்டுக்காரங்க எங்களத் திட்டறாங்க. யார்கிட்ட பர்மிஷன் கேட்டு, எப்பிடி ஒழுங்கா வாங்கறது? உங்க குரூப்ல சட்டம் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க."

கொள்ளைக்கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே கேட்கப்பட்ட ஒரே நேர்மையான கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஃபராஸ் அதை மூன்று முறை அழித்திருந்தான்.

தன் ஃபோனை எடுத்தான். வந்த காரியத்தைச் சொல்லவில்லை, ஆறு மணியைச் சொல்லவில்லை. கொள்ளைக்கூட்டத்துக்குள் போய், அழித்தவை கிடக்கிற மூலையிலிருந்து பொன்ராஜின் கேள்வியைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டு, முதல் விதிக்கும் மேலே, உச்சியில் ஒட்டினான். கீழே எழுதினான்: "இதை மூன்று முறை அழித்தவன் நான். முழுவதும் படிக்கவில்லை. பதில் தெரிந்தவர்கள் சொல்லவும்."

ஃபோனைப் பொன்ராஜிடம் நீட்டினான். அவர் மெதுவாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். மூஞ்சியில் கடுப்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"சரி. இதுக்கு எவனாவது பதில் சொல்லுவானா?"

"பாதிப் பதில் என்கிட்ட இருக்குண்ணே" என்றாள் நிஷா. "கல்யாண ஊர்வலத்துல, மண்டபத்துல பாட்டுப் போட்டா தப்பில்லன்னு சட்டத்துலயே ஒரு இடம் இருக்கு. போன வாரம்தான் படிச்சேன்."

பொன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்டபம் சரி. அத வீடியோவுல ஏத்தி அனுப்பினா?"

"அது வேற விஷயம். அதுக்குன்னு தனி அத்தியாயம் இருக்கு."

"அதுல இன்னா போட்டுக்கீது?"

"அது இன்னும் வரலண்ணே. மகாசமுத்திரத்துல திருத்திக்கிட்டு இருக்காங்க. ஆறு மணிக்கு இவன் புண்ணியத்துல அந்தக் கதவும் சாத்திடும். அப்புறம் வரவே வராது."

பொன்ராஜ் ஃபராஸை ஒரு பார்வை பார்த்தார். மணி ஐந்தரை ஆகியிருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்றபடி மவுஸைப் பிடித்தார். "தோ, தெறந்தாச்சு. லிங்க்க நானே அழிச்சுடட்டா?"

"வேணாம்ணே! நீக்கம் எங்ககிட்டயிருந்து வரணுமாம்." ஃபராஸ் சித்தார்த்தனுக்கு ஃபோன் போட்டான். "அண்ணா, ரெண்டு கதவும் திறந்தாச்சு. லிங்க் போகல."

"எப்படிப் போகும்? நீ வெள்ளிக்கிழமை அனுப்பின செய்தி வெள்ளிக்கிழமையே செத்துப்போச்சு. புதுசா அழிக்கணும்."

"அழிச்சதை எப்படிண்ணா மறுபடி அழிக்கறது?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் முறுக்கு கடிக்கும் சத்தம். "திரும்பப் போடு. போட்டுட்டு அழி."

அதாவது, கொள்ளைக்கூட்டத்தின் மாடரேட்டர், ஊரே பார்க்க, சுலோச்சனா அம்மாளும் பார்க்க, திருட்டுப் படத்தைத் தன் கையால் மறுபடி ரிலீஸ் செய்ய வேண்டும்.

"அந்த அம்மாகிட்ட முதல்ல சொல்லிடு" என்றாள் நிஷா. "இனிமேலாவது யாருக்கும் சொல்லாமக் கொள்ளாம எதையும் தொடாத."

அவள் சொல்லச் சொல்ல ஃபராஸ் எழுதினான். "வணக்கம் அம்மா. கதவைச் சாத்திய பிறகு அழித்தது என் தவறு. நீக்கம் போய்ச் சேர, அந்த லிங்க்கை ஒரு கணம் திரும்பப் போட்டு அழிக்க வேண்டியிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

பதில் உடனே வந்தது. "பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"நல்ல அம்மா" என்றார் பொன்ராஜ், கொஞ்சம் பயந்து.

ஃபராஸ் 'மீட்டெடு' என்பதை அழுத்தினான். லிங்க் எழுந்து உட்கார்ந்தது. 'நீக்கு' என்பதற்கு விரல் போவதற்குள், அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள், யாரோ ஒரு புண்ணியவான் அதன் கீழே "தெய்வமே நன்றி" என்று எழுதிவிட்டான். ஃபராஸ் அழுத்தினான். லிங்க்கும் தெய்வமும் சேர்ந்து மறைந்தார்கள்.

இரண்டு பேரும் பொன்ராஜின் மானிட்டரைப் பார்த்தார்கள். நிஷா பார்க்கவில்லை, ஆனால் எல்லோரையும் விட அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொன்ராஜ் பக்கத்தைப் புதுப்பித்தார். லிங்க் இருந்தது. இன்னொரு முறை புதுப்பித்தார். இருந்தது. கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு அண்டாவைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. மூன்றாம் முறை புதுப்பித்தார்.

"பூடுச்சு!" என்றார் பொன்ராஜ்.

"போயிடுச்சா? நிஜமாவா?"

"போயிடுச்சு நிஷா" என்றான் ஃபராஸ்.

மகாசமுத்திரத்திலிருந்து ஒரு வரி வந்தது. "போய்ச் சேர்ந்தது. குப்பையை வாரிவிட்டுக் கதவைச் சாத்துவதே நல்லது. நன்றி."

பொன்ராஜ் மூன்று டீ சொன்னார். டீ வருவதற்குள் நிஷாவின் ஃபோன் சிணுங்கியது. அவள் காதில் வைத்தாள். ஃபோன் பேசிய வேகத்தில் மற்றவர்களுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிப்பது போலத்தான் கேட்டது. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. முகம் மெல்ல விரிந்தது.

"பூனைமாமா அனுப்பிட்டாரு. 'பாட்டும் வீடியோவும்' அத்தியாயம். முழுசும்."

"இன்னா சொல்லுது? ஏத்தலாமா, கூடாதா?"

"இருங்கண்ணே, இப்பத்தான் முதல் பக்கம்."

"இவ்ளோ வேகமாப் பேசுது, இன்னும் மொத பக்கம்தானா!"

ஃபராஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, உச்சியில் ஒட்டியிருந்த பொன்ராஜின் கேள்வியைத் திறந்தான். இரண்டு பதில்கள் வந்திருந்தன. முதலாவது மஹ்விஷ் என்ற பெண்ணிடமிருந்து. "நான் மெட்டுப் போடுகிறவள். கல்யாணத்துக்கென்றே சில மெட்டுகள் வைத்திருக்கிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் பெயரை மட்டும் போடுங்கள்." பொன்ராஜ் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அப்புறம் மானிட்டரில் உறைந்திருந்த மணமகளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொறும்மா, உன் பாட்டு வந்துகினு கீது" என்றார்.

இரண்டாவது பதிலுக்கு வந்ததும் ஃபராஸின் விரல் பழக்கதோஷத்தில் 'நீக்கு' பக்கம் போனது. வழியில் நின்றது. எதையும் முழுவதும் படிப்பது என்று அவன் முடிவு செய்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆகவே படித்தான்.

"அண்ணா லிங்க்."

இன்னொரு முறை படித்தான். முழுவதும் அவ்வளவுதான். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நிம்மதியாக அழித்தான்.